இருபதாயிரம் குழந்தைகளும் ஒரு நாணயமும்

கல்வியியல் படித்தவர்கள் யாராக இருந்தாலும் ‘டி-டெஸ்ட்’ என்ற வார்த்தையைக் கடந்துதான் வந்திருப்பார்கள். எம்.எட். ஆய்வேடு ஒன்றை எடுத்துப் புரட்டினால் நான்காம் அத்தியாயம் முழுக்க அதுதான் இருக்கும். சோதனைக் குழு, கட்டுப்பாட்டுக் குழு, சராசரி, திட்ட விலக்கம், டி மதிப்பு என்று கட்டம் கட்டிய அட்டவணைகள். கடைசி வரியில் “0.01 மட்டத்தில் பொருளுடையது” என்ற தீர்ப்பு. அந்த வரி வந்துவிட்டால் வழிகாட்டி கையெழுத்துப் போடுவார், வைவாவில் கேள்வி குறையும், பட்டம் வரும். நானும் அப்படித்தான் பட்டம் வாங்கினேன்.

அந்தச் சோதனையைக் கண்டுபிடித்தவர் யார் என்று நான் அப்போது கேட்டதில்லை. பாடப்புத்தகத்தில் ‘ஸ்டூடண்ட்ஸ் டி’ என்று போட்டிருந்ததால், மாணவர்களுக்கான எளிய முறை போலிருக்கிறது என்றுகூட நினைத்திருந்தேன். ஸ்டூடண்ட் என்பது ஒரு மனிதரின் புனைபெயர் என்று தெரிய எனக்குப் பல வருஷங்கள் ஆனது. அந்த மனிதர் பள்ளிக்கூடங்களில் நடந்த ஒரு பெரிய ஆய்வைப் பிரித்துப் போட்டு விமர்சித்தவர் என்பதும், அந்த விமர்சனத்தில் இருந்த ஒவ்வொரு குற்றச்சாட்டும் என்னுடைய ஆய்வேட்டுக்கும் பொருந்தும் என்பதும் அதற்கும் பிறகுதான் தெரிந்தது.

அந்த ஆய்வின் கதையைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

*

1920களின் பிரிட்டனில் பள்ளிப் பிள்ளைகளின் உடல்நிலை ஒரு அரசியல் பிரச்சினையாக இருந்தது. முதல் உலகப் போர் முடிந்து, நிலக்கரியும் இரும்பும் சரிந்து, தொழில் நகரங்களில் வேலையில்லாத் திண்டாட்டம். சுரங்கத் தொழிலாளி வீட்டுப் பிள்ளைகள் வசதியான வீட்டுப் பிள்ளைகளைவிடக் குள்ளமாகவும் மெலிந்தும் இருந்தார்கள். கண்ணால் பார்த்தாலே தெரிகிற வித்தியாசம் அது. இதற்குக் காரணம் பரம்பரையா, சாப்பாடா என்பதுதான் கேள்வி.

1926இல் கோரி மன் என்ற மருத்துவர் மருத்துவ ஆராய்ச்சிக் குழுவுக்காக ஒரு அறிக்கை கொடுத்தார். லண்டனுக்கு அருகே ஒரு சிறுவர் இல்லத்தில், வழக்கமான உணவோடு தினம் ஒரு பைன்ட் பால் கூடுதலாகப் பெற்ற பையன்கள் ஒரு வருஷத்தில் சராசரியாக 6.98 பவுண்டு எடை கூடினார்கள். கூடுதலாக எதுவும் பெறாதவர்கள் 3.85 பவுண்டுதான் கூடினார்கள். உயரத்திலும் 2.63 அங்குலத்துக்கு 1.84 அங்குலம். அடுத்து ஜான் பாய்ட் ஆர், பின்னாளில் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றவர், ஸ்காட்லாந்து நகரங்களிலும் பெல்ஃபாஸ்டிலும் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பால் கொடுத்துப் பார்த்து 1928இல் முடிவுகளை வெளியிட்டார். அவரும் பால் குடித்தவர்கள் நன்றாக வளர்ந்தார்கள் என்றே சொன்னார்.

அதே சமயத்தில் பாலைப் பற்றி இன்னொரு சண்டையும் நடந்துகொண்டிருந்தது. மாட்டிலிருந்து பால் வழியாகக் காசநோய் பரவுகிறது என்பது தெரிந்துவிட்டது. பாலைச் சூடாக்கிப் பதப்படுத்தினால் கிருமி சாகும். ஆனால் சத்தும் போய்விடாதா என்று ஒரு கூட்டம் கேட்டது. பச்சைப் பாலா, பதப்படுத்திய பாலா என்ற கேள்விக்குப் பின்னால் பால் வியாபாரிகளின் பணமும் பெற்றோர்களின் பயமும் இருந்தன.

இரண்டு கேள்விகளுக்கும் ஒரே அடியாக விடை கண்டுவிடலாம் என்று ஸ்காட்லாந்தின் சுகாதாரத் துறை இறங்கியது. இடம் லனார்க்ஷயர். கிளாஸ்கோவுக்குத் தென்கிழக்கே சுரங்கங்களும் உருக்காலைகளும் நிறைந்த மாவட்டம்.

1930 பிப்ரவரி முதல் ஜூன் வரை நான்கு மாதம். 67 பள்ளிகள். 5 முதல் 12 வயது வரையிலான 20,000 குழந்தைகள். அதில் 10,000 பேருக்குப் பள்ளி நாட்களில் தினமும் முக்கால் பைன்ட் பால், நம் கணக்கில் சுமார் 425 மில்லி. அந்தப் பத்தாயிரத்தில் 5,000 பேருக்குப் பச்சைப் பால், 5,000 பேருக்குப் பதப்படுத்திய பால். இரண்டுமே காசநோய் இல்லையென்று சோதிக்கப்பட்ட மாடுகளின் பால். மீதி 10,000 பேருக்குப் பால் கிடையாது. ஆரம்பத்திலும் முடிவிலும் இருபதாயிரம் பேருக்கும் எடையும் உயரமும் எடுக்கப்பட்டன.

கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். ஒரு நாளைக்கு 7,500 பைன்ட், அதாவது நாலாயிரம் லிட்டருக்கு மேல் பால், குளிர்காலத்தில், 67 பள்ளிகளுக்குக் காலையில் போய்ச் சேர வேண்டும். செலவு சுமார் 7,500 பவுண்டு. அந்தக் காலத்துக்கு அது பெரிய தொகை.

அதே ஆண்டு ஜெரால்ட் லெய்ட்டனும் பீட்டர் மக்கின்லேயும் எழுதிய அறிக்கை வெளிவந்தது. பால் குடித்த குழந்தைகளின் எடையும் உயரமும் குடிக்காதவர்களைவிடக் கூடுதலாக வளர்ந்திருக்கின்றன என்றது அறிக்கை. வளர்ச்சியைப் பொறுத்தவரை பச்சைப் பாலுக்கும் பதப்படுத்திய பாலுக்கும் வித்தியாசம் இல்லை என்றும் சொன்னது. இருபதாயிரம் பேரை அளந்து சொன்ன முடிவை யார் மறுக்க முடியும்?

*

மறுத்தவர் டப்ளினில் பீர் காய்ச்சிக்கொண்டிருந்தார்.

வில்லியம் சீலி காஸெட் 1876இல் பிறந்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் கணிதமும் வேதியியலும் படித்துவிட்டு 1899இல் கின்னஸ் மதுபான ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார். பார்லி, ஹாப்ஸ், ஈஸ்ட் என்று ஆலையில் எதைச் சோதித்தாலும் கையில் கிடைக்கும் மாதிரிகள் மிகக் குறைவு. நாலு வயல், ஐந்து பீப்பாய், அவ்வளவுதான். அந்தக் காலப் புள்ளியியல் நூற்றுக்கணக்கில் அளவுகள் இருந்தால்தான் வேலை செய்யும். குறைந்த அளவுகளை வைத்து எவ்வளவு தூரம் நம்பலாம் என்று கண்டுபிடிக்க வேண்டிய கட்டாயம் அவருக்கு. 1906-07இல் லண்டனில் கார்ல் பியர்சனிடம் போய்ப் படித்தார். 1908இல் பயோமெட்ரிகா இதழில் தன் கட்டுரையை வெளியிட்டார். தன் ஊழியர்கள் சொந்தப் பெயரில் ஆராய்ச்சிகளை வெளியிடுவதை ஆலை விரும்பாததால் ‘ஸ்டூடண்ட்’ என்று பெயர் போட்டுக்கொண்டார். நாம் இன்று டி-டெஸ்ட் என்று சொல்வதன் வேர் அந்தக் கட்டுரைதான்.

1931இல் அதே பயோமெட்ரிகாவில், அதே புனைபெயரில், லனார்க்ஷயர் ஆய்வைப் பற்றி ஒரு சின்னக் கட்டுரை எழுதினார். மொத்தம் ஒன்பது பக்கம். கடுமையான சூத்திரம் எதுவும் அதில் இல்லை, ஒரு பள்ளி ஆசிரியர் உட்கார்ந்து படித்தால் புரியும். முதலில் ஆய்வை நடத்தியவர்களின் உழைப்பையும் ஒழுங்கையும் மனசாரப் பாராட்டிவிட்டு, பிறகு அறிக்கையில் யாரும் கவனிக்காத ஒரு பத்திக்கு வருகிறார்.

குழந்தைகளை எப்படிப் பிரித்தார்கள் என்று சொல்லும் பத்தி அது. தேர்வு தலைமையாசிரியர்களிடம் விடப்பட்டிருந்தது. சில பள்ளிகளில் சீட்டுக் குலுக்கிப் பிரித்தார்கள், சிலவற்றில் பெயரின் அகர வரிசைப்படி. அதுவரை பரவாயில்லை. ஆனால் அப்படிப் பிரித்ததில் ஒரு பக்கம் நல்ல ஊட்டமுள்ள பிள்ளைகளோ நோஞ்சான்களோ அதிகமாகச் சேர்ந்துவிட்டதாகத் தோன்றினால், சிலரை மாற்றிச் சமப்படுத்திக்கொள்ளலாம் என்று அனுமதி இருந்தது.

சமப்படுத்தத்தானே மாற்றினார்கள், அதில் என்ன தப்பு?

ஸ்டூடண்ட் ஆரம்ப அளவுகளை எடுத்துப் பார்க்கிறார். பால் ஒரு சொட்டுக்கூட உள்ளே போவதற்கு முன்பு, பிப்ரவரியில் எடுத்த அளவுகள். பால் கிடைக்காத குழுவின் குழந்தைகள், பால் கிடைக்கப்போகும் குழுவைவிட, எடையில் சராசரியாக மூன்று மாத வளர்ச்சியும் உயரத்தில் நான்கு மாத வளர்ச்சியும் முன்னே இருந்தார்கள். ஆய்வே நான்கு மாதம்தான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று புரியும். இருபதாயிரம் பேரில் இது தற்செயலாக வராது.

என்ன நடந்திருக்கும் என்று ஊகிப்பது கஷ்டமில்லை. ஒரு ஆசிரியர் பட்டியலைக் கையில் வைத்திருக்கிறார். முன்னால் ஒரு பிள்ளை நிற்கிறது, கன்னம் ஒட்டி, காலில் கிழிந்த பூட்ஸோடு. சீட்டில் அதற்குப் பால் இல்லை என்று வந்திருக்கிறது. பக்கத்திலேயே கடைக்காரர் வீட்டுப் பிள்ளை கொழுகொழுவென்று நிற்கிறது, அதற்குப் பால் உண்டு. மாற்றிக்கொள்ளலாம் என்று மேலிடமே சொல்லியிருக்கிறது. அந்த ஆசிரியர் என்ன செய்வார்? தெரிந்தே ஏமாற்ற வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை, கை தானாக அந்தப் பக்கம் போயிருக்கிறது. ஸ்டூடண்டும் ஆசிரியர்களைக் குற்றம் சொல்லவில்லை. ஏழைக் குழந்தைகளின் தேவை அவர்களை அறியாமலே அவர்கள் தேர்வைச் சாய்த்திருக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறார்.

*

இதனால் முடிவு எப்படிக் கெடுகிறது என்பதைத்தான் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

முதலாவது, எடை எடுத்த விதம். குழந்தைகளைப் பூட்ஸும் மேல்கோட்டும் இல்லாமல், மற்ற உடைகளோடு நிறுத்தி எடை போட்டார்கள். பிப்ரவரி ஸ்காட்லாந்தில் கடும் குளிர், ஜூனில் வெயில் வந்துவிடும். வசதியான வீட்டுப் பிள்ளை பிப்ரவரியில் கம்பளிக்கு மேல் கம்பளி போட்டிருக்கும், ஜூனில் மெல்லிய துணி. ஆகவே அந்தப் பிள்ளையின் உடம்பு வளர்ந்த எடையில் ஒரு பகுதியைக் கழற்றிப்போட்ட கம்பளி தின்றுவிடும். ஏழை வீட்டுப் பிள்ளைக்குக் குளிர்காலத்துக்கும் கோடைக்கும் கிட்டத்தட்ட ஒரே துணிதான். அதன் எடைக் கூடுதல் அப்படியே கணக்கில் வரும். வசதியான பிள்ளைகள் பால் இல்லாத பக்கமும் ஏழைப் பிள்ளைகள் பால் பக்கமும் அதிகமாக இருக்கும்போது, பாலே கொடுக்காமல் இருந்திருந்தாலும் பால் குழு அதிக எடை கூடியதாகத்தான் தராசு காட்டியிருக்கும்.

இந்தக் கம்பளி விஷயத்தைப் படித்தபோது புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். இருபதாயிரம் பேரை அளந்த ஒரு ஆய்வில் வறுமை ஒரு சட்டையின் எடையாக உள்ளே புகுந்துவிட்டது. அட்டவணையை மட்டும் பார்க்கிறவருக்கு அது கண்ணில் படவே படாது.

இரண்டாவது, பாலின் பலன் எல்லாருக்கும் ஒன்றுபோல இருக்காது. சத்துக் குறைவான பிள்ளைக்குக் கொடுக்கும் பால் நன்றாக உண்ணும் பிள்ளைக்குக் கொடுப்பதைவிட அதிகப் பலன் தரலாம். அல்லது வீட்டில் மற்ற எல்லாக் குறைகளும் சேர்ந்து அந்தப் பலனை அமுக்கியும் விடலாம். எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல முடியாது. இரண்டு குழுக்களும் வேறு வேறு விதமான குழந்தைகளாக இருந்தால், முடிவில் தெரியும் வித்தியாசத்தில் பாலின் பங்கு எவ்வளவு, வீட்டின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க வழியில்லை.

மூன்றாவது, பச்சைப் பாலா பதப்படுத்திய பாலா என்ற கேள்வி. ஒரு பள்ளியில் ஒரு வகைப் பால்தான் கொடுத்தார்கள். இரண்டும் ஒரே பள்ளியில் எங்கும் இல்லை. ஆக, பச்சைப் பால் பள்ளிகளையும் பதப்படுத்திய பால் பள்ளிகளையும் ஒப்பிட்டால் பாலோடு சேர்த்து ஊரையும் ஒப்பிடுகிறோம். ஒவ்வொரு தலைமையாசிரியரின் கை எவ்வளவு சாய்ந்தது என்பதையும் சேர்த்து ஒப்பிடுகிறோம். இது எவ்வளவு வழுக்கலான நிலம் என்பதற்கு ஒரு சாட்சி உண்டு. அதே 1931இல் ரொனால்ட் ஃபிஷரும் பார்ட்லெட்டும் அதே எண்களை வைத்துக்கொண்டு, பச்சைப் பாலுக்குக் கூடுதல் பலன் இருக்கிறது என்று நேச்சர் இதழில் எழுதினார்கள். அறிக்கை வித்தியாசம் இல்லை என்றது, பெரிய மேதை வித்தியாசம் உண்டு என்றார். ஸ்டூடண்ட் இரண்டு பக்கமும் சேரவில்லை. இந்த ஆய்வை வைத்து அந்தக் கேள்விக்கு விடையே சொல்ல முடியாது என்றார்.

*

அவ்வளவு பெரிய எண்ணிக்கை இருந்தும் ஏன் காப்பாற்றவில்லை என்று கேட்கலாம். ‘ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்கிறோம். பானை ஒரே சீராக வெந்திருந்தால் அது சரி. அடுப்பு ஒரு பக்கம் எரிந்திருந்தால், அந்தப் பக்கத்திலிருந்தே ஒரு கை நிறைய அள்ளிப் பார்த்தாலும் மறுபக்கம் வேகாததை அது சொல்லாது. இதே கதைதான் தராசிலும். படிக்கல் தேய்ந்திருந்தால் ஒரு முறை நிறுத்தாலும் தப்பு, ஆயிரம் முறை நிறுத்தாலும் அதே தப்பு. எண்ணிக்கை கூடக் கூடத் தற்செயலான தடுமாற்றம் குறையும், அதுவும் வர்க்கமூல வேகத்தில்தான். நூறு மடங்கு குழந்தைகளைச் சேர்த்தால் தடுமாற்றம் பத்தில் ஒன்றாகும். சாய்வு மட்டும் குறையாமல் அப்படியே நிற்கும். பெரிய எண்ணிக்கை அதன் மேல் நம்பிக்கையை ஏற்றிவைத்துவிடும் என்பதுதான் ஆபத்து.

ஸ்டூடண்ட் குறை மட்டும் சொல்லிவிட்டுப் போகவில்லை. மறுபடி இதைச் செய்வதாக இருந்தால் எப்படிச் செய்யலாம் என்று எழுதுகிறார். ஆசிரியர்களே பிள்ளைகளை இணை இணையாகச் சேர்க்கட்டும், ஒரே வயது, ஒரே பால், கிட்டத்தட்ட ஒரே எடை, ஒரே உயரம், முக்கியமாக ஒரே மாதிரி ஊட்டம். பிறகு இணையில் யாருக்குப் பால் என்பதை ஆசிரியர் தீர்மானிக்க வேண்டாம். நாணயத்தைச் சுண்டி முடிவு செய்யுங்கள்.

இதில் ஆசிரியரின் அறிவை அவர் ஒதுக்கித் தள்ளவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எந்தப் பிள்ளை எந்தப் பிள்ளையைப் போல இருக்கிறது என்று ஆசிரியரைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? அந்தக் கண் தேவை, கடைசி முடிவில் மட்டும் கை படக் கூடாது. எல்லாவற்றையும் குலுக்கலிடமே விட்டுவிடுவதில் காஸெட்டுக்கு முழு நம்பிக்கை இருந்ததும் இல்லை. வயல் சோதனைகளில் சீராகச் சமன்செய்து அமைப்பதே மேல் என்று அவர் வாதாடினார். ஃபிஷரோடு அவருக்கிருந்த நீண்ட நட்பில், 1937இல் அவர் இறக்கும்வரை தீராத ஒரு கருத்து வேறுபாடு அது.

இன்னொரு யோசனையும் சொன்னார். ஒரே கருவில் பிரிந்த, அச்சு அசலான இரட்டைக் குழந்தைகளில் 50 ஜோடி கிடைத்தால் போதும். ஒருவருக்குப் பால், மற்றவருக்கு இல்லை, யாருக்கு என்பது நாணயம். ஒரே வீடு, ஒரே சாப்பாடு, ஒரே ரத்தம். அந்த நூறு பிள்ளைகள் இந்த இருபதாயிரத்தைவிட நம்பகமான விடை தருவார்கள், செலவோ இதில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான் ஆகும் என்றார். நாலு வயலில் பார்லி விதைத்துப் பழகியவரின் கணக்கு அது.

*

இனி என்னுடைய ஆய்வேட்டைப் பற்றி.

2001. ஒரு அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியராக இருந்துகொண்டு தபால் வழியில் எம்.எட். படித்தேன். தலைப்பு, மாலை நேரச் சிறப்பு வகுப்பு கணக்குத் தேர்ச்சியை உயர்த்துகிறதா என்பது. ஒன்பதாம் வகுப்பில் 60 பேர். வருகைப் பதிவேட்டில் ஒற்றை எண் வந்தவர்கள் சிறப்பு வகுப்புக்கு, இரட்டை எண் வந்தவர்கள் வழக்கம்போல. முன்தேர்வு வைத்தேன், மூன்று மாதம் கழித்துப் பின்தேர்வு. சாயங்காலம் பிள்ளைகளுக்குப் பசிக்குமே என்று சுண்டலும் ஏற்பாடு.

முன்தேர்வு முடிந்து பட்டியலை ஆசிரியர் அறையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது மூத்த டீச்சர் ஒருவர் எட்டிப் பார்த்தார்.

“என்ன தம்பி, இந்தப் பொண்ணை விட்டுட்டீங்க?”

“இரட்டை எண் டீச்சர். அந்தக் குரூப்புக்கு வகுப்பு கிடையாது.”

“அது ராத்திரியெல்லாம் உக்காந்து பீடி சுத்துது. வீட்ல ஒரு எழுத்து சொல்லிக் குடுக்க ஆள் இல்ல. அதை விட்டுட்டு அந்த டாக்டர் வீட்டுப் பையனுக்கா சொல்லிக் குடுக்கப் போறீங்க? அவனுக்குத்தான் டியூஷன் இருக்கே.”

எனக்குப் பதில் இல்லை. அந்தப் பெண்ணை இந்தப் பக்கம் எடுத்தேன், டாக்டர் வீட்டுப் பையனை அந்தப் பக்கம் தள்ளினேன். ஒன்றைத் தொட்டபின் மற்றவை சுலபமாகிவிட்டன. மொத்தம் ஆறு பேரை இப்படி மாற்றினேன். ஆய்வேட்டில் “இரு குழுக்களும் சமமாக இருக்குமாறு சிறு மாற்றங்கள் செய்யப்பட்டன” என்று ஒரு வரி எழுதினேன். லனார்க்ஷயர் அறிக்கையின் அந்தப் பத்தியைப் பின்னாளில் படித்தபோது, என் வரியை யாரோ எழுபது வருஷம் முன்பே எழுதி வைத்திருந்தது போல இருந்தது.

முடிவு பிரமாதமாக வந்தது. டி மதிப்பு பெரியது, 0.01 மட்டத்தில் பொருளுடையது. அந்தப் பெண் 22 மதிப்பெண் கூடுதலாக வாங்கியிருந்தாள், குழுவிலேயே அதிகமான முன்னேற்றம். வைவாவில் அவளைத்தான் உதாரணமாகச் சொன்னேன்.

பட்டம் வந்து ஒரு வருஷம் இருக்கும். அவள் அம்மா டி.சி. வாங்க வந்தபோது பேச்சோடு பேச்சாக ஒன்று சொன்னார். முன்தேர்வு நடந்த வாரம் கம்பெனிக்காரன் சரக்குக் கேட்டு நெருக்கியதால் இரண்டு ராத்திரி அவள் தூங்கவே இல்லையாம். “பரீட்சையில தூங்கிட்டேம்மான்னு வந்து அழுதுச்சு சார்.” அப்படியானால் அந்த முன்தேர்வு மதிப்பெண் அவளுடையதே இல்லை, அவள் தூக்கத்தினுடையது. அடுத்த தேர்வில் கண் விழித்து எழுதியிருந்தாலே, என் வகுப்பு இல்லாமலும், பாதி முன்னேற்றம் வந்திருக்கும். மோசமான நாளில் மாட்டியவர்களாகப் பொறுக்கி ஒரு பக்கம் சேர்த்தால், அடுத்த அளவில் அந்தப் பக்கம் ஏறத்தான் செய்யும். நான் மாற்றிய மற்ற ஐந்து பேரும் முன்தேர்வில் அடிமட்டத்தில் இருந்தவர்கள்தான். ஸ்டூடண்ட் கண்டுபிடித்த சோதனையை வைத்தே, ஸ்டூடண்ட் எச்சரித்த தவறைப் பொருளுடையது என்று நிரூபித்திருந்தேன். டி-டெஸ்ட்டுக்கு யார் பிரித்தார்கள் என்று தெரியாது. கொடுத்த எண்களை அது வாங்கிக்கொள்ளும்.

*

லனார்க்ஷயரின் பால் என்ன ஆனது? 1934இல் பிரிட்டன் பள்ளிப் பால் திட்டத்தைக் கொண்டுவந்தது. மூன்றில் ஒரு பைன்ட் அரைப் பென்னிக்கு. 1946 முதல் எல்லாப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் இலவசம். 1971இல் கல்வி அமைச்சராக இருந்த மார்கரெட் தாட்சர் ஏழு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு நிறுத்தி, ‘பால் பறித்தவர்’ என்று பெயர் வாங்கினார். திட்டம் வந்ததற்கு ஊட்டச்சத்து ஆய்வுகள் ஒரு காரணம் என்றால், விற்காமல் தேங்கிய பால் இன்னொரு காரணம்.

ஸ்டூடண்ட் பாலுக்கு எதிரி இல்லை. பால் நல்லது செய்திருக்கும் என்றே அவரும் கருதினார். எவ்வளவு நல்லது, யாருக்கு நல்லது, எந்தப் பால் என்பவற்றுக்குத்தான் இந்த ஆய்வில் விடை இல்லை என்றார். ஆய்வு தப்பு என்பதால் முடிவும் தப்பு என்றாகிவிடாது, முடிவு இன்னும் நிரூபிக்கப்படவில்லை என்றுதான் அர்த்தம். இந்த வேறுபாட்டை நம் ஊர் விவாதங்களில் அடிக்கடி தொலைத்துவிடுகிறோம். பிடித்த திட்டத்தைப் பற்றிய ஆய்வில் ஒருவர் ஓட்டை காட்டினால் அவரைத் திட்டத்துக்கே எதிரி என்கிறோம். பிடிக்காத திட்டமாக இருந்தால் அந்த ஓட்டையை வைத்தே திட்டத்தை மூடச் சொல்கிறோம்.

முறையாகக் குலுக்கிப் பிரித்துச் செய்த ஒரு ஆய்வு பிறகு வந்தது. தெற்கு வேல்ஸில் 7, 8 வயதுப் பிள்ளைகள் சுமார் 580 பேர். பாதிப் பேருக்குப் பள்ளி நாட்களில் 190 மில்லி பால், இரண்டு வருஷத்துக்குச் சற்றுக் குறைவான காலம். 1980இல் முடிவு வெளியானது. பால் குடித்தவர்கள் சுமார் 3 மில்லிமீட்டர் கூடுதலாக வளர்ந்திருந்தார்கள். பலன் உண்டு, ஆனால் சின்னப் பலன். 1930இன் சுரங்க ஊர்ப் பிள்ளைக்கு அது இன்னும் பெரிதாக இருந்திருக்கலாம். இருபதாயிரம் பேரை அளந்தும் அதை நம்மால் சொல்ல முடியாமல் போனதுதான் இழப்பு.

இப்போது இளம் ஆசிரியர்கள் சிலர் தங்கள் ஆய்வேடுகளை என்னிடம் காட்டுகிறார்கள். நான் நான்காம் அத்தியாயத்தைத் திறப்பதில்லை. மூன்றாம் அத்தியாயத்தில் குழுக்களை யார் பிரித்தார்கள், பிரித்தபின் யாராவது தொட்டார்களா, ஆரம்பத்தில் இரண்டு பக்கமும் எப்படி இருந்தன என்று பார்க்கிறேன். போன மாதம் ஒரு தம்பி கேட்டார்: “அப்போ அந்தப் பொண்ணை நீங்க விட்டிருக்கணும்னு சொல்றீங்களா சார்?”

இல்லை. இன்றைக்கும் அவளைச் சாயங்கால வகுப்பில் உட்கார வைக்கத்தான் செய்வேன், சுண்டலும் கொடுப்பேன். அவள் பெயரை அட்டவணையில் மட்டும் சேர்க்க மாட்டேன். அவளையும் அந்த ஐந்து பேரையும் ஆய்வுக்கு வெளியே வைத்துச் சொல்லிக்கொடுத்திருக்கலாம். மீதி 54 பேரை இணை சேர்த்து, 27 முறை நாணயம் சுண்டியிருந்தால் போதும். அன்றைக்கு என் சட்டைப் பையில் ஒரு ரூபாய் நாணயம் இருந்திருக்கும், நிச்சயமாக.